டிஸ்க் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? வீட்டிலேயே சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கின் பிரேக் லிவரைப் பிடித்தால் ஓரிடத்தில் கட்டியாக நிற்க வேண்டும். சில வண்டிகளில் அது பஞ்சுமூட்டையை அழுத்துவதுபோல அமுங்கிக்கொண்டே போய் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் முன்பக்க டிஸ்க் பிரேக்கைப் பற்றியது. பின் பிரேக்கும் டிரம் பிரேக்கும் கடைசியில் வரும்.

லிவர் அமுங்குவதும் பிரேக் சரியாகப் பிடிக்காததும் ஒன்றுதானா?

இல்லை. இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லிவர் கல்லு மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் கோளாறு பேடிலோ (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை) டிஸ்க்கிலோ (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) இருக்கிறது. பேடில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது சூட்டில் அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல வழுவழுப்பாகியிருக்கும். லிவரே அமுங்கினால், உங்கள் கை கொடுக்கிற அழுத்தம் பேடுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். வழியில் ஏதோ ஒன்று அதை விழுங்குகிறது. பெரும்பாலும் காற்று. ஆனால் எப்போதும் காற்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கொஞ்சம் காற்று புகுந்தால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். லிவரைப் பிடித்ததும் ஆயிலைத் தள்ளும் உருளைக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். அதன் உள்விட்டம் 12.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பிஸ்டன் 10 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் ஆயில் ஏறத்தாழ 1.3 எம்எல். ஒரு டீஸ்பூனில் கால் பங்கு, அவ்வளவுதான். மொத்த பிரேக்கும் இந்தச் சிறிய அளவை நம்பித்தான் இருக்கிறது.

ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது. ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் அதே அழுத்தம் வரும். காற்று அப்படியல்ல, அழுத்த அழுத்தச் சுருங்கும். ஆயிலைக் கீழே கொண்டுபோகும் குழாயான ஹோஸுக்குள் அரை எம்எல் காற்று இருந்தால் லிவர் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் காற்றைச் சுருக்குவதற்கே செலவாகிவிடும். மிச்சம் இருக்கும் ஓட்டத்தில்தான் பேட் டிஸ்க்கைப் பிடிக்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். ஒரு கருவியும் வேண்டாம்.

முதலில் லிவரை வேகமாக ஐந்தாறு தடவை பம்ப் செய்யுங்கள். பம்ப் செய்யச் செய்ய லிவர் இறுகி, சற்று நேரம் விட்டுவைத்ததும் மறுபடி தொளதொளவென்று ஆனால் உள்ளே காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பம்ப்பில் நன்றாகி, வண்டியை ஓட்டியபின் மறுபடி முதல் பிடி மட்டும் ஆழமாகப் போனால் டிஸ்க் கோணலாக இருக்கலாம், அல்லது வீல் பேரிங் ஆடலாம். டிஸ்க் சுற்றும்போது பேடை உள்ளே தள்ளிவிடுகிறது, அதனால் முதல் பிடியில் அந்த இடைவெளியை நிரப்பவே ஓட்டம் போய்விடுகிறது.

அடுத்து, லிவரை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் விடாமல் இருங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் வருகிறது. இதை ஏர் எடுத்து, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, சரிசெய்ய முடியாது.

மூன்றாவது சோதனைக்குக் கண்ணும் விரலும் போதும். லிவர் திருகு, ஹோஸ் சேரும் போல்ட், பேடுகளைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரின் உட்பக்கம், எல்லா இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக, வழவழப்பாக இருந்தால் அங்கேதான் நோய். பேடின் தடிமனையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 1.5 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் அளவு குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பினால் போதாதா?

பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் தொட்டியில் அளவு குறைவதற்கு இது இயல்பான காரணம். பேட் புதிதாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் கசிவு இருக்கிறது. அப்போது மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஆயில் குறைவாக இருந்தாலும், தொட்டிக்குள் காற்று இழுக்கும் அளவுக்கு இறங்காதவரை லிவர் அமுங்காது. அதனால் நிரப்பினால் மட்டும் லிவர் இறுகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த பிரேக் ஆயில் வாங்க வேண்டும்?

உங்கள் வண்டித் தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் டாட் 4, சில பழைய வண்டிகளில் டாட் 3. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், ஆனால் டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 வேண்டாம். டாட் 5 மட்டும் முற்றிலும் வேறு, அது சிலிகான். பெயர் 5.1ஐப் போலவே இருப்பதால் ஏமாந்துவிடக்கூடாது. மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது.

புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். தொட்டியில் இருப்பது டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. நிறம் மாறவில்லை என்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் வருடம் முழுக்கக் காற்றில் ஈரம்தானே. திறந்து பாதி தீர்ந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். சிறிய பாட்டிலாக வாங்குங்கள், ஒரு பைக்குக்கு 250 எம்எல் தாராளம்.

இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், தேங்காய் எண்ணெய் என்று அவசரத்துக்கு எதையும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். அதன் பிறகு மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாவற்றிலும் ரப்பர் மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதும் இதே கெடுதியைச் செய்யும்.

வேலைக்கு என்னென்ன தேவை?

நிப்பிளுக்கு, அதாவது காற்றையும் ஆயிலையும் வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகுக்கு, 8 மி.மீ. ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளுக்கு இதுதான் அளவு, உங்களுடையதில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்), தொட்டி மூடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மீன் தொட்டிக்கு வாங்கும் ஒளி ஊடுருவும் டியூப் இரண்டடி, ஒரு பழைய தண்ணீர் பாட்டில், புது ஆயில், நிறைய பழந்துணி, ஒரு வாளித் தண்ணீர். மருந்துக் கடையில் 50 எம்எல் சிரிஞ்ச் ஒன்று வாங்கிவைத்தால் உதவும்.

வாளித் தண்ணீர் எதற்கென்றால், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்து பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் கொப்பளித்து உரியும். விழுந்த உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து ஓடிவிடும். வேலை தொடங்குமுன் டேங்க்கை ஒரு பழைய போர்வையால் மூடிவிடுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

சரி, ஏர் எடுப்பது எப்படி?

வண்டியை நேராக நிறுத்தி, தொட்டி மட்டமாக வரும்படி ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூடியைத் துடைத்துவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள மண் உள்ளே விழும். இந்தச் சின்னத் திருகுகளின் தலை சீக்கிரம் மழுங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அதன் பின்புறம் லேசாக இரண்டு தட்டு தட்டிவிட்டு, நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள். உள்ளே இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். அடியில் உள்ள துளை வெளியே தெரியும் அளவுக்கு உறிஞ்ச வேண்டாம்.

கீழே காலிப்பரில் நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் டியூபைச் சொருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலுக்குள், கொஞ்சம் ஆயிலில் மூழ்கியபடி இருக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைந்து, பிறகு கீழே இறங்கட்டும். குமிழ்கள் மேலே போவது கண்ணுக்குத் தெரியும், திரும்ப உள்ளே வராது.

இனி நான்கு சொல்தான்: பிடி, திற, மூடு, விடு. லிவரை மெல்லப் பிடித்து அழுத்துங்கள். அழுத்தியபடியே நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லிவர் உள்ளே போகும், டியூபில் ஆயிலும் குமிழும் வரும். லிவர் அடியைத் தொடும் முன்பே நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முதலில் லிவரை விட்டுப் பிறகு நிப்பிளை மூடினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். தம்பியோ மகளோ லிவரைப் பார்த்துக்கொண்டால் நீங்கள் கீழே நிப்பிளைக் கவனிக்கலாம். இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். நான் முதன்முதலில் செய்தபோது கீழே குமிழ் நின்றுவிட்டதா என்று பார்ப்பதிலேயே கவனமாக இருந்து, மேலே ஆயில் தீர்ந்ததைப் பார்க்கவில்லை. மேலிருந்து காற்று இழுத்துவிட்டது. இரண்டு மணி நேர வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. தொட்டி காலியாகவே கூடாது. இந்த வேலையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பழைய வண்டியாக இருந்தால் லிவரை முழு ஓட்டத்துக்கும் இழுக்காதீர்கள். வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவரில் அழுக்கும் அரிப்பும் இருக்கும், அங்கே போய் உரசினால் சீல் கிழியும். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டையை வைத்துவிட்டால் கவலையில்லை.

குமிழ் நின்று, தெளிவான புது ஆயில் வரத் தொடங்கியதும் நிப்பிளை இறுக்கிவிடுங்கள். அது உள்ளே துளை உள்ள சின்ன போல்ட், பலம் காட்டினால் முறிந்துவிடும், மரையும் போய்விடும். ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்கினால் சரியான அளவில் நிற்கும். தொட்டியை மேல் கோடு வரை நிரப்பி, மூடிக்கு அடியில் உள்ள ரப்பரின் மடிப்புகளைப் பழைய நிலைக்கு அமுக்கிவிட்டு மூடுங்கள்.

டியூபில் குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு காற்றுதான் உள்ளே இருக்கும்?

அது உள்ளே இருந்து வரும் காற்றாக இல்லாமலும் இருக்கலாம். லிவரை அழுத்தாமல், டியூபில் சிரிஞ்சை மாட்டிக் கீழிருந்து உறிஞ்சி ஏர் எடுத்தால், நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று புகுந்து டியூபில் குமிழாகத் தெரியும். ஒரே அளவில் பொடிப்பொடியாக, விடாமல் வந்தால் பெரும்பாலும் இதுதான். லிவரைப் பிடித்துப் பாருங்கள். அது இறுகியிருந்தால் குமிழைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் செய்தும் லிவர் இன்னும் அமுங்குகிறதே?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. இதற்கு ஒரே பதில் கிடையாது.

காற்று மேலே போகும் இயல்புடையது. நாமோ அதைக் கீழே தள்ளி வெளியேற்றப் பார்க்கிறோம். அதனால் மாஸ்டர் சிலிண்டரோடு ஹோஸ் சேரும் போல்ட்டுக்குள் ஒரு குமிழ் சிக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த இடத்தைச் சுற்றித் துணி வைத்து, லிவரை அழுத்தியபடி அந்த போல்ட்டை ஒரு நூல் அளவு தளர்த்தி, ஆயில் கசிந்ததும் உடனே இறுக்குங்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். அந்த போல்ட்டை முழுவதும் கழற்றினால் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

இன்னொரு வழி, கீழிருந்து மேலே தள்ளுவது. தொட்டியில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிரிஞ்சில் குமிழில்லாமல் புது ஆயில் நிரப்பி, நிப்பிள் வழியாக மெதுவாக உள்ளே செலுத்துங்கள். குமிழ்கள் தொட்டிக்குள் வந்து வெடிப்பதைப் பார்க்கலாம். தொட்டி வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் மேலே நிற்க வேண்டும்.

ராத்திரி முழுக்க லிவரை ஹேண்டில்பாரோடு கயிற்றால் கட்டிவைப்பதும் பலன் தரும். பொடிக் குமிழ்கள் மெல்ல மேலேறி, காலையில் லிவரை விட்டதும் தொட்டிக்குள் வெளியேறும். இரண்டு நாளில் மறுபடி அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ புகுந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் காற்றை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். என் அத்தை மகனின் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை ஏர் எடுத்துப் பணமும் வாங்கிவிட்டார்கள், லிவர் மாறவில்லை. பேடைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கப் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, மறுபக்கம் பாதிகூடத் தேயவில்லை. காலிப்பர் இடமும் வலமுமாக நகர்வதற்கு இருக்கும் 'பின்' (pin) என்ற கம்பி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. காலிப்பர் நகர முடியாததால் பிடிக்கும்போது டிஸ்க்கையே ஒரு பக்கம் வளைத்துக்கொண்டிருந்தது. கைக்கு அந்த வளைவுதான் பஞ்சு மாதிரித் தெரிந்தது. பின்னைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினோம். புதுப் பேட் போட்டதும் லிவர் நின்றது. சாதாரண கிரீஸ் அங்கே கூடாது, ரப்பரைக் கெடுக்கும்.

ஹோஸையும் கவனியுங்கள். ஒருவர் லிவரை அழுத்தட்டும், நீங்கள் ஹோஸை விரல்களுக்குள் பிடித்துப் பாருங்கள். ஊதுவது தெரிந்தாலோ, மேலே வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். பல கம்பெனிகளின் மேனுவலில் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். பத்து வருட ஹோஸோடு ஓடும் வண்டிகள்தான் நம் ஊரில் அதிகம்.

மலை இறங்கும்போது மட்டும் பிரேக் போய்விட்டது, கீழே வந்ததும் சரியாகிவிட்டது. ஏன்?

ஆயில் கொதித்துவிட்டது. தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு அந்தத் தாங்குதிறனுக்கான வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205ம் 140ம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கு ஏறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரிதான் சுருங்கும். லிவர் திடீரென்று வெறுமையாக உள்ளே போய்விடும். அங்கே பாதி வழியில் எனக்கு இது நடந்திருக்கிறது. மூன்று வருடமாக மாற்றாத ஆயில். முதல் கியருக்கு மாற்றி, பின் பிரேக்கோடு மண் ஓரத்தில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து லிவர் பழையபடி கட்டியாக நின்றது, ஏனென்றால் ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும்.

அதனால்தான் கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் 'நல்லாத்தானே இருக்கு' என்பார். நல்லா இல்லை. முழு ஆயிலையும் மாற்றுங்கள். வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை எங்கே போனாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுக்க விட்டுவிடுங்கள். தேய்த்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றுகிறது.

பின் பக்க டிஸ்க் பிரேக்குக்கும் இதே முறையா?

இதேதான், லிவருக்குப் பதில் பெடல். நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில வண்டிகளில் அது பக்கவாட்டில் இருக்கும், மேலே காற்று தங்கிவிடும். அப்போது காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் அளவுக்கு ஒரு கட்டையைச் சொருகி ஏர் எடுங்கள். கட்டை வைக்காமல் பெடலை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் வீட்டிலேயே செய்யலாமா?

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வருகிறது. பழைய ஆயிலை எடுத்துப் புதிது மாற்றுவதை, தொட்டியைக் காலியாகவிடாமல், வீட்டில் செய்யலாம். ஆனால் ஹோஸையோ மாஸ்டர் சிலிண்டரையோ கழற்றியதால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், அதன் வால்வுகளைக் கம்பெனிக் கருவியோடு இணைத்துத் திறந்துமூட வேண்டியிருக்கலாம். அந்த நிலையில் சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி.

என்னுடையது டிரம் பிரேக். அதுவும் அமுங்குகிறதே?

அதில் ஆயிலே இல்லை, அதனால் காற்றும் இல்லை. கேபிள் இழுபட்டிருக்கும், டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்திருக்கும், அல்லது அந்த லைனரை விரித்துத் தள்ளும் கேம் உலர்ந்து இறுகியிருக்கும். பின் சக்கரத்தின் பக்கம் பிரேக் கம்பியின் (ராட்) முனையில் உள்ள நட்டை இறுக்கி, பெடலில் இரண்டு மூன்று செ.மீ. ஓட்டம் மட்டும் இருக்கும்படி வையுங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. நட்டு முழுக்க இறுகியும் பிடிக்கவில்லை என்றால் லைனர் மாற்ற வேண்டும்.

எப்போது நானே செய்யாமல் மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

லிவர் பிடித்தபடி இருக்கும்போது இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் வேலை. காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி ஈரம் தெரிந்தாலும், நிப்பிள் துருவேறி அசையவே மறுத்தாலும், மரை போய்விட்டாலும் அப்படித்தான். நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருப்பி முறித்துவிட்டால் காலிப்பரையே மாற்றும் செலவு வந்துவிடும். போகும்போது வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் என்றால் தள்ளிக்கொண்டு போங்கள், தூரம் என்றால் குட்டியானையில் ஏற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே ரோட்டுக்கு எடுக்கலாமா?

முதலில் நிற்கும் வண்டியில் லிவரை முழு பலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். இறங்கக் கூடாது. நிப்பிள், போல்ட் இரண்டிலும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் வருகிறதா என்று பாருங்கள். காலிப்பரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பாருங்கள், பிறகு 20 கி.மீ. வேகத்தில், பிறகு 40. புதுப் பேட் போட்டிருந்தால் முதல் சில நாட்கள் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், மெதுவாகவே போங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுக்குமுன் லிவரை இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள். ராத்திரியில் கசிந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.